அடுத்த ஷாட் ஏன் வருகிறது? கதை சொல்லும் அனிமேஷனும் கதை சொல்லாத அனிமேஷனும்

கதை இல்லாத அனிமேஷன் என்றதும் பலருக்கு மனதில் வருவது இசைக்கு ஏற்ப ஆடும் வட்டமும் கோடும். கதை உள்ள அனிமேஷன் என்றால் பாத்திரம், வசனம், ஒரு சிக்கல், ஒரு முடிவு. மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான். ஆனால் ஒரு படத்தைத் திட்டமிட உட்காரும்போது இந்தப் பிரிவினை கைகொடுக்காது. வெறும் முக்கோணங்களை வைத்து நெஞ்சைப் பிசையும் கதை சொல்லலாம். மனிதர்களையும் அறைகளையும் மட்டுமே காட்டி, கதை என்று எதுவும் இல்லாத படமும் எடுக்கலாம். திரையில் தெரியும் உருவங்களை விட்டுவிட்டு, ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். முந்தையது முடிந்ததும் அடுத்தது ஏன் வருகிறது? இந்த ஏன் என்ற கேள்விக்கான பதிலில்தான் இரண்டு வழிகளும் பிரிகின்றன. சுருக்கத்துக்காக இனி கதைப் படம், வடிவப் படம் என்று எழுதுகிறேன்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. படத்தை அட்டைகளில் எழுதுங்கள், ஓர் அட்டைக்கு ஒரு நிகழ்வு. 3 நிமிடப் படத்துக்கு 20 முதல் 30 அட்டை வரும். சுவரில் வரிசையாக ஒட்டி, இரண்டு அட்டைக்கு நடுவே ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஓர் இணைப்புச் சொல்லை எழுத வேண்டும். கதைப் படத்தில் பெரும்பாலான சீட்டுகளில் 'அதனால்' அல்லது 'ஆனால்' வந்துவிடும். கதவைத் திறக்கிறான், அதனால் நாய் ஓடிவிடுகிறது. துரத்துகிறான், ஆனால் தெருமுனையில் அதே மாதிரி இரண்டு நாய் நிற்கிறது. வடிவப் படத்தில் வரும் சொற்கள் வேறு: 'போலவே', 'மாறாக', 'மறுபடியும்', 'இன்னும் வேகமாக', 'இதுவே தலைகீழாக'. இரண்டிலும் தொல்லை தரும் சொல் 'அப்புறம்'. நான்கைந்து சீட்டுகளில் தொடர்ந்து 'அப்புறம்' என்று மட்டுமே எழுத முடிகிறது என்றால், அந்த இடத்தில் கதையும் இல்லை, வடிவமும் இல்லை. பார்ப்பவரின் கை போனைத் தேடுவது அங்கேதான்.

அடுத்து, ஏதாவது இரண்டு அட்டைகளை இடம் மாற்றிப் பாருங்கள். கதைப் படமென்றால் பொருள் உடைய வேண்டும். வடிவப் படத்திலும் ஏதோ ஒன்று உடைந்தே ஆக வேண்டும், அங்கே உடைவது வளர்ச்சி. எதை எங்கே மாற்றினாலும் ஒன்றும் ஆகவில்லை என்றால் உங்களிடம் இருப்பது நல்ல நல்ல அசைவுகளின் தொகுப்பு, படம் இன்னும் வரவில்லை. பரிசோதனைப் படம் என்ற பெயரில் வரும் பலவும் இடறி விழுவது இங்கேதான். கதையை விட்டதும் வரிசையையும் விட்டுவிடலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். கதை என்ற தூண் போன பிறகு முழுப் பாரமும் வரிசையின் மேல்தான் வந்து உட்காருகிறது.

அசைவு தானாகவே கதை பேசும்

1944-இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் சுமார் இரண்டரை நிமிட அனிமேஷன் ஒன்றை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு சின்ன வட்டம், கதவு திறந்து மூடும் ஒரு செவ்வகம். அவ்வளவுதான் படம். என்ன நடந்தது என்று எழுதச் சொன்னபோது 34 பேரில் ஒரே ஒருவர் மட்டும் வடிவங்கள் இங்கிருந்து அங்கே நகர்ந்தன என்ற அளவில் எழுதினார். மற்றவர்கள் எல்லாரும் அவற்றை உயிருள்ளவையாகவே கண்டார்கள். பெரிய முக்கோணம் முரடன், வட்டம் பயந்து ஒளிகிறது, சின்ன முக்கோணம் எதிர்த்து நிற்கிறது.

வடிவப் படம் எடுப்பவருக்கு இது ஓர் எச்சரிக்கை. முகத்தை நீக்கிவிட்டதால் கதை போய்விடாது. நகரும் எதிலும் ஒரு நோக்கத்தைத் தேடுவது நம் கண்ணின் பழக்கம். அந்தப் பழக்கத்தைத் தூண்டுவது எது, அடக்குவது எது என்று தெரியாமல் வேலை செய்தால் நீங்கள் கேட்காத கதை ஒன்று படத்துக்குள் புகுந்துவிடும்.

கிட்டப் போய்ப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு. விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப் படங்கள். ஒரு சதுரம் இடமிருந்து வலமாக வந்து, அசையாமல் நிற்கும் இன்னொரு சதுரத்தைத் தொடுகிறது. தொட்ட அடுத்த ஒன்றிரண்டு பிரேமுக்குள் இரண்டாவது சதுரம் கிளம்பினால், முதலாவது அதை இடித்துத் தள்ளியதாகக் கண் எடுத்துக்கொள்ளும். அதே சதுரம் ஆறு பிரேம் சும்மா நின்றுவிட்டுக் கிளம்பினால், தானாக முடிவெடுத்துப் போகிறது என்று தோன்றும். தொடுவதற்கு மூன்று நான்கு பிரேம் முன்னாலேயே கிளம்பிவிட்டால், பயந்து ஓடுகிறது. வரைந்தது அதே இரண்டு சதுரங்கள்தான். பெல்ஜிய உளவியலாளர் ஆல்பர் மிஷோத் 1946-இல் வெளியிட்ட நூலில் இந்த இடைவெளிகளைத்தான் அளந்து பார்த்தார். விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் நடந்தால் காரண காரியம் தெரிகிறது, அதைத் தாண்டி இடைவெளி நீள நீள அந்த உணர்வு கழன்றுபோகிறது. கதைப் படம் செய்பவர் இந்த எண்களைக் கையில் வைத்திருந்தால் முகபாவமே இல்லாமல் பாத்திரத்தைக் கட்டலாம். பொம்மைகளையும் பெட்டிகளையும் நடிக்க வைப்பவர்கள் தினமும் செய்வது இதுதான்.

கதையை அடக்க வேண்டுமானால் எதிர்த் திசையில் போக வேண்டும். ஒரு வடிவத்தை மட்டும் தனித்துத் தெரிய விடாதீர்கள்; நிறத்தாலோ அளவாலோ ஒன்று தனித்து நின்றால் அது நாயகன் ஆகிவிடும். ஒன்று போய் இன்னொன்று தாமதமாகப் பின்தொடர்வதைத் தவிருங்கள், அது துரத்தல். எல்லா வடிவங்களும் ஒரே விதிக்கு ஒரே நேரத்தில் கட்டுப்பட்டால் கண் அவற்றை ஒரு திரளாகப் பார்க்கும், தனி ஆட்களாகப் பார்க்காது. இடம் மாறுவதைக் குறைத்து அளவு, நிறம், தடிமன் மாறுவதைக் கூட்டலாம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தால் கண்கள் என்று தோன்றிவிடும், மூன்றாவது புள்ளி வைத்து அதை உடையுங்கள். முக்கியமாக, சட்டகத்தின் கீழ்ப்பகுதியில் கிடைக்கோடு ஒன்று நெடுநேரம் நிற்க விடாதீர்கள். அது தரை ஆகும். தரை வந்தால் எடை வரும். எடை வந்தால் உடல் வரும். உடல் வந்தபின் கதையைத் தடுப்பது கடினம்.

ஒரே கை, இரண்டு வழி

நார்மன் மெக்லாரன் 1941-இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்கு வந்து பல பத்தாண்டுகள் அங்கேயே படம் எடுத்தவர். இரண்டு வழிகளையும் ஒரே ஆளிடம் பார்க்க அவரைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

1952-இல் வந்த 'நெய்பர்ஸ்' முழுக்க 'அதனால்' படம். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு பூ முளைக்கிறது, அதனால் எல்லை எங்கே என்ற பேச்சு வருகிறது, அதனால் வேலி, அதனால் அடிதடி, கடைசியில் இருவரும் சாகிறார்கள். நிஜ மனிதர்களையே பிரேம் பிரேமாக நிறுத்தி எடுத்த பிக்சிலேஷன் உத்தி அது. மனிதர்கள் தரையைத் தொடாமல் வழுக்கிப் போவதும் அந்தரத்தில் நிற்பதுமாகத் தோற்றம் விசித்திரமாக இருந்தாலும் இணைப்பு மிகப் பழைய கதை இணைப்பு. புதுமையான உத்தியைப் பார்த்தவுடன் பரிசோதனைப் படம் என்று முத்திரை குத்தக் கூடாது என்பதற்கு இந்தப் படமே போதும்.

அதே மெக்லாரன், ஈவ்லின் லாம்பார்ட்டோடு சேர்ந்து 1960-இல் 'லைன்ஸ் வெர்ட்டிகல்' எடுத்தார். ஃபிலிமின் மேலேயே நேராகக் கீறிய செங்குத்துக் கோடுகள். ஒரு கோட்டில் தொடங்கிப் பல கோடுகளாகப் பெருகிப் பக்கவாட்டில் நகர்கின்றன. 1962-இல் அதே படத்தை ஒவ்வொரு பிரேமாக 90 பாகை திருப்பி 'லைன்ஸ் ஹாரிசான்ட்டல்' வந்தது, இசை மட்டும் வேறு. பிறகு 1965-இல் இந்த இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களை மட்டும் எடுத்து 'மொசைக்' செய்தார்கள். கோடுகள் மறைந்து, புள்ளிகள் கூட்டம் கூட்டமாகப் பிறந்து பிரிகின்றன.

இந்த மூன்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும் என்று வடிவப் படம் எடுக்க நினைக்கும் எல்லாரிடமும் சொல்வேன். அசைவின் கணக்கு மூன்றிலும் ஒன்றுதான். ஆனால் செங்குத்துக் கோடுகள் நகரும்போது தந்திகள் போலவோ தூண்கள் போலவோ எடையற்று நிற்கின்றன; அதையே படுக்க வைத்தவுடன் மேலே போகும் கோடு தூரமாகவும் கீழே வரும் கோடு பக்கமாகவும் தெரிகிறது. கிடைக்கோடு தரை ஆகும் என்று மேலே சொன்னதன் சான்று இது. இன்னொன்றும் கவனிக்கலாம். மூன்று படங்களின் விதியையும் ஒரே வாக்கியத்தில் எழுதிவிட முடியும். உங்கள் படத்தின் விதியை ஒரு வாக்கியத்தில் எழுத முடியவில்லை என்றால் வரையத் தொடங்க வேண்டாம். 'வண்ணங்களின் உணர்வை ஆராய்வது' என்பது விதி ஆகாது. 'ஒவ்வொரு 8 பீட்டுக்கும் (தாள அடிக்கும்) ஒரு நிறம் கழிந்து, கடைசியில் ஒரே நிறம் மிஞ்சும்' என்பது விதி.

கதையை எடுத்தால் மிஞ்சுவது ஒன்றல்ல

டேவிட் போர்ட்வெல்லும் கிறிஸ்டின் தாம்சனும் தங்கள் திரைப்படப் பாடநூலில் கதை சாராத வடிவங்களை நான்காகப் பார்க்கிறார்கள்: ஒரு பொருளை வகை வகையாக அடுக்குவது, ஒரு கருத்தை வாதிட்டு நிறுவுவது, நிறமும் வடிவமும் அசைவுமே பொருளாவது, ஒன்றிலிருந்து இன்னொன்றை நினைவூட்டிக்கொண்டே போவது. அனிமேஷனுக்கு இந்தப் பிரிவு நன்றாகப் பொருந்துகிறது.

வாதிடும் வடிவத்துக்கு இஷு படேல் 1977-இல் எடுத்த 'பீட் கேம்' நல்ல எடுத்துக்காட்டு. மணிகளை அடுக்கி நகர்த்தி எடுத்த படம். ஒரு சின்ன உயிரை இன்னொன்று விழுங்க, அதை அதைவிடப் பெரியது விழுங்க, அப்படியே மனிதன் வரைக்கும் போர் வரைக்கும் வருகிறது. பாத்திரம் ஒன்றும் நிலைப்பதில்லை. இணைப்புச் சொல் எழுதிப் பார்த்தால் ஒவ்வொரு சீட்டிலும் 'இதைப் போலவே, இன்னும் பெரிதாக' என்று வரும். அந்த ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதுதான் படத்தின் வாதம்.

நினைவூட்டும் வடிவத்துக்கு யூரி நோர்ஷ்டெய்ன் 1979-இல் எடுத்த 'டேல் ஆஃப் டேல்ஸ்'. தாலாட்டில் வரும் சாம்பல்நிற ஓநாய்க்குட்டி, விளக்கடியில் ஆடும் ஜோடிகள், போருக்குப் போகும் ஆண்கள், பனியில் ஆப்பிள் தின்னும் சிறுவன். ஒன்றிலிருந்து இன்னொன்று காரணத்தால் வரவில்லை, ஞாபகத்தால் வருகிறது. இந்த வகை பார்க்க எளிதாகத் தெரியும், எடுக்க மிகவும் கடினம். படிமம் ஒருமுறை மட்டும் வந்தால் அழகான காட்சியோடு நின்றுவிடும். இரண்டாவது முறை வரும்போது பார்ப்பவர் அடையாளம் காண்கிறார். மூன்றாவது முறை, கொஞ்சம் மாறி வரும்போதுதான் அது அர்த்தம் சுமக்கத் தொடங்குகிறது. ஆகவே 10 நிமிடப் படத்தில் நான்கைந்து படிமங்களுக்கு மேல் வைக்காதீர்கள். பன்னிரண்டு படிமங்களை வைத்து ஒவ்வொன்றையும் ஒருமுறை காட்டுவதுதான் முதல் படத்தில் வழக்கமாக நடக்கும் தவறு.

பிரேம் கணக்கு

கதைப் படத்தில் நேரத்தைத் தீர்மானிப்பது நடிப்பு. ஒருவர் திரும்பிப் பார்க்க 8 பிரேம் போதுமா, 16 வேண்டுமா என்பதை அவர் மனநிலை சொல்லும். வடிவப் படத்தில் அப்படி யாரும் இல்லை, அதனால் தாளம்தான் அளவுகோல். இங்கே கணக்குப் பிசகினால் படம் முழுக்கப் பிசகும்.

விநாடிக்கு 24 பிரேம் என்றால் நிமிடத்துக்கு 1440. அதை இசையின் பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற எண்) வகுத்தால் ஒரு பீட்டுக்கு எத்தனை பிரேம் என்று வரும். 120 என்றால் 12, 90 என்றால் 16, 80 என்றால் 18, 72 என்றால் 20. இவை எல்லாம் இரட்டைப்படை என்பதால் ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தும் முறையிலும் சிக்கல் இல்லை. தொடங்குபவர்களுக்கு 120-ஐத்தான் சொல்வேன். 12 பிரேமை இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் வெட்டலாம்.

100 பிபிஎம் எடுத்தால் 14.4 பிரேம். அதை 14 என்று வைத்துவிட்டால் பத்து பீட்டில் 4 பிரேம் விலகும், ஒரு நிமிடத்தில் 40 பிரேம், அதாவது ஒன்றரை விநாடிக்கு மேல். முதல் 15 விநாடி நன்றாக இருக்கிறதே, பிறகு ஏன் தளர்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது இதுதான். ஐந்து பீட்டுகளுக்கு 14, 14, 15, 14, 15 என்று எக்ஸ்போஷர் ஷீட்டில் (எந்தப் படம் எந்தப் பிரேமில் என்று குறிக்கும் தாளில்) பிரித்து எழுதினால் 72 பிரேமில் சரியாக வந்து உட்காரும். விநாடிக்கு 25 பிரேமில் வேலை செய்பவர்கள் 1440-க்குப் பதில் 1500-ஐ வகுக்க வேண்டும். அங்கே 100 பிபிஎம் சரியாக 15 பிரேம். படம் எந்த வேகத்தில் வெளியாகப் போகிறது என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டியது இதற்காகத்தான்.

ஒலி அடிக்கும் பிரேமிலேயே படத்தின் அடியையும் வைத்தால் படம் சற்றுப் பிந்துவது போலத் தோன்றும். ஒன்று அல்லது இரண்டு பிரேம் முன்னால் வையுங்கள். அதோடு, எல்லா அடிக்கும் படத்தை அடிக்க விடக் கூடாது. இசையில் கேட்பதையே கண்ணிலும் காட்டிக்கொண்டிருந்தால் அரை நிமிடத்தில் பார்ப்பவர் அடுத்ததை ஊகித்துவிடுவார். ஆஸ்கர் ஃபிஷிங்கர் இதில் கற்க வேண்டிய ஆசான். 1930-களில் இசையோடு ஒட்டி ஒட்டி எடுத்தவர், 1947-இல் 'மோஷன் பெயின்டிங் நம்பர் 1' படத்தில் இசையமைப்பாளர் பாக்கின் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவை வைத்துக்கொண்டு சுரத்துக்குச் சுரம் பின்பற்றுவதை விட்டுவிட்டார். பிளாஸ்டிக் கண்ணாடிப் பலகையில் எண்ணெய் வண்ணம், ஒரு தீற்றலுக்கு ஒரு பிரேம் என்று ஓவியம் தன் போக்கில் வளர்கிறது. இசையும் படமும் சில இடங்களில் மட்டும் சந்திக்கின்றன, அந்தச் சந்திப்புகள் அதனாலேயே பெரிதாக இருக்கின்றன.

மொத்தப் படத்துக்கும் ஓர் அடர்த்தி வரைபடம் போடுங்கள். கிடையாக விநாடிகள், செங்குத்தாக ஒரே நேரத்தில் எத்தனை பொருட்கள் மாறுகின்றன என்பது. அந்தக் கோடு தட்டையாக உச்சியிலேயே போனால் கண் களைத்துவிடும். மெக்லாரனும் லாம்பார்ட்டும் 1949-இல் ஆஸ்கர் பீட்டர்சனின் மூவர் குழு வாசித்த ஜாஸ் இசைக்கு ஃபிலிமில் நேரடியாக வண்ணம் தீட்டி எடுத்த 'பிகான் டல் கேர்' மூன்று பகுதி கொண்டது. முதலும் கடைசியும் வண்ணமும் வேகமும். நடுப்பகுதியில் கறுப்பின் மேல் மெல்லிய வெள்ளைக் கோடுகள் மட்டும். அந்த நடுப்பகுதி இல்லாவிட்டால் மூன்றாவது பகுதியின் வேகம் நமக்கு உறைக்கவே உறைக்காது.

லூப்

ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருவது கதைக்கு எதிரான வலுவான ஆயுதம். ஒருவன் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்துப் பந்தை எடுத்துக்கொண்டு போனால் நிகழ்வு. அதே ஆள் அதே மாதிரி எட்டாவது முறையும் செய்தால் அது வடிவம். 1980-இல் ஜிபிக்னியெவ் ரிப்சின்ஸ்கி எடுத்த 'டாங்கோ' இதன் மேல்தான் நிற்கிறது: ஓர் அறை, அசையாத கேமரா, ஒவ்வொருவராகச் சேர்ந்து 36 பேர். ஒவ்வொருவரும் தன் செயலை மட்டும் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் இடிப்பதே இல்லை. தனித்தனியே பார்த்தால் எல்லாருக்கும் ஒரு குட்டிக் கதை. மொத்தமாகப் பார்த்தால் நெசவு.

லூப்பை அடுக்கும்போது நீளங்களைக் கவனிக்க வேண்டும். 12, 16, 24 பிரேம் நீள லூப்கள் மூன்றை ஒன்றாக ஓட்டினால் 48 பிரேமில், அதாவது இரண்டே விநாடியில் மொத்தச் சேர்க்கையும் திரும்பிவிடும். கண் உடனே பிடித்துவிடும். 15, 16, 17 என்று வைத்தால் இவற்றுக்குப் பொதுக் காரணி இல்லாததால் அதே சேர்க்கை மறுபடி வர 4080 பிரேம் ஆகும், 2 நிமிடம் 50 விநாடி. வரைந்த படங்கள் மொத்தம் 48 தான். நீளத்தில் ஒன்றிரண்டு பிரேம் மாற்றினால் இவ்வளவு கிடைக்கிறது. லூப்பின் கடைசிப் படமும் முதல் படமும் ஒன்றாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு தட்டல் தெரியும். கடைசிப் படம் முதல் படத்துக்கு ஒரு படி முன்னால் நிற்க வேண்டும்.

உருமாற்றம்

அனிமேஷனுக்கே உரிய இணைப்பு ஒன்று உண்டென்றால் அது உருமாற்றம். கட் தேவையில்லை; ஒன்றே இன்னொன்றாகிறது. எமில் கோல் 1908-இல் சுமார் 700 படங்களை வரைந்து எடுத்த 'ஃபான்டாஸ்மகோரி'யே இந்த வகைதான். உருவங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துகொண்டே போகின்றன. மனிதன் இருக்கிறான், ஆனால் 'அதனால்' இல்லை.

உருமாற்றம் கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: எல்லாப் புள்ளிகளும் ஒரே நேரத்தில் ஒரே வேகத்தில் நேர்க்கோட்டில் நகர்வது. நடுவில் உருவம் கூழாகிவிடும். இடைப்படங்களை மென்பொருளே தானாக நிரப்பும் ஷேப் ட்வீனில் இது அப்பட்டமாகத் தெரியும். முதலில், பழைய உருவத்தைக் குறைந்தது 8 பிரேம் அசையாமல் நிறுத்துங்கள், கண் அதை வாசித்து முடிக்கட்டும். இரண்டு உருவத்துக்கும் பொதுவான ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் நிலையாக வையுங்கள்: குதிரையின் முதுகு வளைவே மலையின் விளிம்பு என்பது போல. மற்ற பகுதிகள் அந்தக் கோட்டிலிருந்து முன்பின்னாகக் கிளம்பட்டும். இரண்டுமாக இல்லாத குழப்ப நிலை 3 அல்லது 4 பிரேமுக்கு மேல் நீடிக்கக் கூடாது. புதிய உருவம் சற்று மிகையாகப் போய்த் திரும்பி வந்து நின்றால் முடிந்துவிட்டது என்று கண்ணுக்குத் தெரியும்.

கதைப் படத்துக்குள் வடிவப் பகுதியைச் செருகும்போதும் உருமாற்றம்தான் வாசல். 1941-இல் வந்த 'டம்போ'வில் இளஞ்சிவப்பு யானைகள் வரும் பகுதியைப் பாருங்கள். குட்டி யானை ஊதும் குமிழ் ஒரு யானையாகிறது, அங்கிருந்து கறுப்புப் பின்னணியில் வண்ண உருவங்கள் நடனமாடி ஒன்றையொன்று விழுங்குகின்றன, கடைசியில் அவை மேகங்களாகி விடிகிறது. போகும் வழியும் திரும்பும் வழியும் உருமாற்றம். முழுநீளக் கதையை நடுவில் நிறுத்தியும் பார்ப்பவர் வழி தவறுவதில்லை. திரும்பியதும் கதை ஒரு படி நகர்ந்திருக்கிறது என்பதும் முக்கியம்: குட்டி யானை மரத்தின் மேலே இருக்கிறது, எப்படி ஏறியது என்ற கேள்வி பிறக்கிறது. கனவுக் காட்சி வைப்பவர்கள் இந்தக் கடைசிப் படியைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

எங்கே நிறுத்துவது

கதைப் படத்தில் கேள்விக்குப் பதில் கிடைத்தால் முடிந்தது. வடிவப் படத்தில் எழுதிய விதி தீர்ந்தால் முடிய வேண்டும். விதி தீரும் என்பது பார்ப்பவருக்கும் பாதிப் படத்திலேயே தெரிந்துவிட்டால் நல்லது. ஒவ்வொரு நிறமாகக் கழிகிறது என்று புரிந்தவர், மிச்சம் எத்தனை என்று எண்ணத் தொடங்குவார். கதை இல்லாமலே எதிர்பார்ப்பு பிறந்துவிடும். விதியே இல்லாமல் தொடங்கிய படங்கள் இசை முடிவதால் முடிகின்றன. அது இசையின் முடிவு, படத்துக்குச் சொந்தமில்லை. அதனால்தான் முதல் எடிட்டை இசையே இல்லாமல், தாளம் மட்டும் தட்டும் மெட்ரோநோம் ஒலியோடு பார்க்கச் சொல்கிறேன். பாடல் வரிகள் உள்ள இசையை வைத்தால் நிலைமை இன்னும் மோசம், வரிகளே கதையாகி வடிவத்தை விழுங்கிவிடும்.

10 விநாடி, அதாவது 240 பிரேம் முடிந்ததும் வெளியாள் ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். என்ன புரிந்தது என்று கேட்காதீர்கள், தேர்வு எழுதுவது போல விழிப்பார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டு, அவர் வாயிலிருந்து வரும் வினைச்சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். விரிந்தது, நிரம்பியது, கூடியது என்று சொன்னால் வடிவம் போய்ச் சேர்ந்திருக்கிறது. துரத்தியது, தேடியது, மாட்டிக்கொண்டது என்று சொன்னால் கதை புகுந்துவிட்டது. கதைப் படத்துக்கு இதே சோதனை தலைகீழ். எல்லாம் முடிந்த பிறகும் 'அழகா இருந்தது, கலர் நல்லா இருந்தது' என்று மட்டுமே சொன்னால் 'அதனால்' எங்கோ அறுந்திருக்கிறது.

கடைசியாக, வேகமாக மாறும் படங்களை எடுப்பவர்கள் விட்டுவிடக் கூடாத இரண்டு விஷயங்கள். ஒன்று பாதுகாப்பு. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் விநாடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறி மின்னியதில் 600-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒளி உணர்திறன் வலிப்பு உள்ளவர்களுக்கு இது உயிர் விஷயம். விநாடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்பு. 24 பிரேமில் ஒரு வெளிச்சமும் ஓர் இருட்டும் சேர்ந்த சுற்று 8 பிரேமுக்குக் குறைந்தால் அந்த வரம்பைத் தாண்டுகிறீர்கள். அடர் சிவப்பு மேலும் ஆபத்து. மின்னும் பரப்பைத் திரையின் கால் பங்குக்குள் சுருக்குங்கள், அல்லது இரண்டு படங்களின் வெளிச்ச வேறுபாட்டைக் குறையுங்கள். அப்படியும் வைத்தே தீர வேண்டுமென்றால் படத்தின் தொடக்கத்தில் எச்சரிக்கை போடுங்கள்.

இன்னொன்று ஏற்றுமதி. வீடியோ கோடெக்குகள் (கோப்பைச் சிறிதாக்கும் முறைகள்) ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் பெரும்பகுதி ஒன்றாகவே இருக்கும் என்று நம்பிச் சுருக்குகின்றன. பேசும் முகத்துக்கு அது பொருந்தும். ஒவ்வொரு பிரேமும் வேறாக இருக்கும் கீறல் படத்திலோ மணல் படத்திலோ அந்த நம்பிக்கை உடைந்து, நுண்ணிய கோடுகள் எல்லாம் சதுரம் சதுரமாகக் கரைந்துவிடும். கதைப் படம் தாங்கும் பிட்ரேட்டில் (விநாடிக்கு ஒதுக்கும் தரவின் அளவில்) வடிவப் படம் தாங்காது, இரண்டு மூன்று மடங்கு கூட்டிப் பார்க்க வேண்டிவரும். 24-ஐ 30 ஆக மாற்றும் அமைப்பில் பிரேம் பிளெண்டிங் போட்டிருந்தால் ஒற்றைப் பிரேம் மின்னல்கள் பக்கத்துப் பிரேமோடு கலந்து சாம்பலாகிவிடும், அதை அணைத்துவிடுங்கள். மூலத்தை எப்போதும் பிஎன்ஜி அல்லது டிஃப் படவரிசையாகவே வைத்திருங்கள். ஏற்றுமதி செய்த கோப்பைத் திறந்து, ஒரே ஒரு பிரேம் மட்டும் வரும் படங்கள் மூன்று நான்கைத் தேடி, பிரேம் பிரேமாக நகர்த்தி அவை முழுசாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள்.